உப்பில்லாமல் ஒரு வேண்டுதல்

பல வருஷமாக இதை எழுதலாமா, வேண்டாமா என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். எழுதினால் அம்மனைக் குறை சொன்னதாகிவிடுமோ என்று பயம். போன வாரம் பஸ் ஸ்டாண்டில் தெரிந்த பெண் ஒருத்தி, "ஆபரேஷனுக்குப் போறேண்ணா, அம்மனுக்கு வேண்டியிருக்கேன்" என்றாள். என்ன வேண்டுதல் என்று கேட்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. அதற்குப் பிறகு மனசு கேட்கவில்லை. எழுதிவிடுகிறேன்.

மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாருவதுதான் எங்கள் பிழைப்பு. என் மனைவி லட்சுமிக்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதாயிற்று. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பிரஷருக்காகத் தினமும் ஒரு மாத்திரை... உடம்பில் தண்ணீரைக் குறைக்கிற மாத்திரை. வீட்டுக்கு வந்தோம். தையல் அருமையாக ஆறிக்கொண்டு வந்தது.

ஆள்தான் தேறவில்லை.

முதலில் தலைவலி. பிறகு வாந்தி. ஒரு மத்தியானம், "ஏங்க, மழை வருது, உப்பை மூடலையா?" என்றாள். வெளியே சித்திரை வெயில்! கொஞ்ச நேரத்தில் என்னையே பார்த்து, "யாருப்பா நீ?" என்றாள்.

மந்திரிக்கிறவரைக் கூட்டி வரலாம் என்று வாசலுக்கு ஓடினேன். பக்கத்து வீட்டு அந்தோணியம்மா எட்டிப் பார்த்தார். "நீ மந்திரிக்கறதுன்னா மந்திரி, நான் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்தறேன். மொதல்ல ஆட்டோவைக் கூப்புடுய்யா!" என்றார்.

ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரியிலேயே ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். "உடம்புல உப்பு ரொம்ப இறங்கிடுச்சுங்க. அதான் இந்தக் குழப்பம்" என்றார் டாக்டரம்மா.

உப்பா? எங்கள் வீட்டிலா?

"மேடம், நாங்க உப்பளத்துலயே இருக்கறவங்க..."

"இருந்தா ஆச்சா? சாப்பாட்டுல போடறீங்களா?"

யோசித்தேன். கஞ்சி காய்ச்சியது நான்தான். உப்புப் போடுவதற்கு முன்னால் தனக்குத் தனியாக எடுத்து வைக்கச் சொல்வாள் லட்சுமி. பிரஷருக்காக டாக்டர் சொல்லியிருப்பார் என்று நான் நினைத்துக்கொண்டேன். தாகம் என்றால் சொம்பு சொம்பாகத் தண்ணீர் வேறு.

டிரிப்ஸில் மெதுவாக உப்பு ஏற்றினார்கள். அவளுக்குப் புத்தி தெளிந்தது. பிறகுதான் உண்மை வந்தது.

"புண்ணு ஆறி, நானே நடந்து கோயிலுக்கு வர்ற வரைக்கும் உப்பைத் தொடமாட்டேன்னு வேண்டிக்கிட்டேங்க. வெளியில சொன்னா பலிக்காதாமே."

அப்படியானால் விரதம்தான் காரணமா? டாக்டரம்மாவைக் கேட்டேன்.

"அது ஒண்ணாலதான்னு சொல்ல முடியாதுங்க. மாத்திரை, வாந்தி, அளவில்லாம குடிச்ச தண்ணி, ஆபரேஷன் ஆன உடம்பு... எல்லாம் சேர்ந்துக்கிச்சு. ஆனா ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மாத்திரையையாவது மாத்தியிருப்பேன்."

அதோடு தீர்ந்ததா? உப்புப் போட்ட கஞ்சியை நீட்டினால் லட்சுமி வாயை மூடிக்கொண்டாள். "புத்தி தெளிஞ்சப்புறம் வாக்கை மீறினா அம்மன் சும்மா விடுவாளா?" என்று சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள். மறுபடியும் உப்பு இறங்கினால் உயிருக்கே ஆபத்து என்கிறார் டாக்டர். நான் யார் பக்கம் பேசுவது?

கோயிலுக்கு ஓடினேன். பூசாரி கேட்டதும் சிரித்துவிட்டார்.

"ஏம்பா, உப்பளத்துக்காரன் பொண்டாட்டிக்கு வேற வேண்டுதலே கிடைக்கலையா? ஒரு கூடை உப்பு கொண்டாந்து அம்மாவுக்குக் கொட்டு. வேண்டுதலை அவ அப்படி மாத்திக்குவா."

கொட்டினேன். அதிலிருந்தே ஒரு பிடி எடுத்து, குங்குமத்தோடு வாழையிலையில் மடித்துக் கொடுத்தார். "பிரசாதம்னு சொல்லு. வேணாம்னு சொல்லிடுவாளா?"

சொல்லவில்லை. கண்ணில் ஒற்றிக்கொண்டு, உப்பைக் கஞ்சியில் கரைத்து, கடைசிச் சொட்டு வரை குடித்தாள். நான் வராண்டாவில் போய் நின்று அழுதேன்.

சரி, அவளைக் காப்பாற்றியது யார்? டிரிப்ஸா, பிரசாதமா? புத்தி தடுமாறியது விரதத்தால் என்றால், தையல் டாக்டரே மெச்சும்படி ஆறியது எதனால்? லட்சுமியைக் கேட்டால், "ரெண்டும்தாங்க, இதுல என்னா ஆராய்ச்சி?" என்கிறாள். எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

ஊரில் இந்தக் கதை இரண்டாகப் பிரிந்துவிட்டது. 'அம்மன் கோபம்' என்கிறார்கள் சிலர். 'ஆபரேஷன் கோளாறு' என்கிறார்கள் சிலர். இரண்டும் இல்லை.

ஆபரேஷனுக்குப் போகிறவர் யாராவது இருந்தால் இதைச் சொல்லுங்கள். வேண்டிக்கொள்ளட்டும். வேண்டியதை டாக்டர் காதிலும் போட்டு வைக்கட்டும். ஆனால் ஒன்று — நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள். எனக்கே புரியாத இடத்தை, உங்களுக்குப் புரிந்த மாதிரி நிரப்பிவிடாதீர்கள்!