செல்வி இல்லாத வீடியோ

மூத்த பேரன் நர்சிங் முடித்துச் சேலத்தில் வேலைக்குப் போகிறான். அவன் தம்பி கபடியில் கோப்பை வாங்கினான். இன்று பேத்தி கவிதாவின் அறிவியல் வீடியோவுக்குப் பள்ளிக்கூடத்தில் முதல் பரிசு.

நானும் போயிருந்தேன். திரையில் கவிதா மரவள்ளிக் கிழங்கை நறுக்கினாள். அவளோடு படிக்கும் சுதா விளக்கம் சொன்னாள். அதே வகுப்பு மணி அதன்மேல் ஒரு சொட்டு அயோடின் விட்டான். வெள்ளைக் கிழங்கு கண்ணெதிரே கருநீலமானது. மாவுச்சத்து இருந்தால் அப்படி ஆகுமாம்.

"எங்கூட்டுப் புள்ளை!" என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

கவிதா என் கையைப் பிடித்து இழுத்தாள். "அம்மாயி, சும்மா இருங்க. யாரு முன்னாடி நிக்கறதுன்னு நாங்க மூணு பேரும் சண்டை போட்டு அயோடினைக் கொட்டிப்புட்டோம். மிச்சம் ஒரே சொட்டு. செல்விதான் ஈரத்துல குப்புறப் படுத்து, மூச்சைப் புடிச்சுக்கிட்டு அது விழறதைப் படம் எடுத்தா."

"எந்தச் செல்வி? படத்துல காணமே?"

"போன் அவ கையில இருந்துச்சுங்களே!"

அந்தப் பிள்ளையைத் தேடிப் போய்த் தலையைத் தடவினேன். "நீ நல்லா இருக்கோணும் சாமி."

"அடுத்த தடவை கெழங்கு நறுக்கறது நானுங்க" என்று சிரித்தாள்.

கவிதா இங்கே நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கும் பரிசுப் படத்திலும் மூன்று பேர்தான். அதையும் செல்வியே எடுத்தாளாம்.

கவிதா கண்ணு, நாளைக்குச் செல்வியை நடுவில் நிறுத்தி ஒரு புதுப் போட்டோ போடு. போனை நீ பிடி. உன் முகம்தான் எங்கள் எல்லோருக்கும் மனப்பாடமாச்சே.