மேற்குப் பக்கத்து ஜன்னல்

என் வீட்டு ஹாலில் சோபா கிடையாது. சோபா இருக்க வேண்டிய இடத்தில் ரெம்பாவ் நிலையத்திலிருந்து செனவாங் நிலையம் வரைக்குமான கொமியூட்டர் ரயில் பாதை இருக்கிறது. இரண்டு பழைய கதவுகளை நீளவாக்கில் சேர்த்து, சுவரை ஒட்டாமல் நடுவில் போட்டிருக்கிறேன். சுற்றிவர ஓர் ஆள் நடக்கும் அளவுக்கு இடம் விட்டிருக்கிறேன். அது போதும், வீட்டில் இருப்பதே ஓர் ஆள்தான். கேஸ் கொண்டுவந்து போடுகிறவர் ஒருமுறை, "பேரப்பிள்ளைக்கா?" என்று கேட்டார். எனக்குத்தான் என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் எதுவும் கேட்பதில்லை.

நான் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அம்மா பால்மரம் வெட்டினார். இப்போது அங்கே எல்லாம் எண்ணெய்க்கு நடுகிற செம்பனை. தோட்டத்து ஓரத்தில் வரிசை வீடுகள் கட்டி விற்றபோது அம்மாவும் நானும் சேர்ந்து ஒன்று வாங்கினோம். அம்மா போய்விட்டார். கல்யாணம் எனக்கு அமையவில்லை, நானும் அதன் பின்னால் ஓடவில்லை. செனவாங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் முப்பது வருஷம் வேலை. நுண்ணோக்கியில் கண்ணை வைத்துக்கொண்டு, எறும்பு அளவுக் கம்பிகளை ஈயம் வைத்து ஒட்டுகிற வேலை. கடைசிப் பத்து வருஷம் லைன் லீடர். ஓய்வு பெற்ற மூன்றாம் மாதமே கை சும்மா இருக்க முடியாமல் எரிச்சலாக வந்தது. ஒருநாள் இணையத்தில் யாரோ ஒரு ஜப்பான்காரர் தன் ஊர் ரயிலை மேசைமேல் ஓடவிட்டிருந்ததைப் பார்த்தேன். இது என்ன பெரிய வித்தை, நமக்கும் வருமே என்று தோன்றியது.

மாதிரி ரயிலை ஜப்பானிலிருந்துதான் வரவழைத்தேன். அசலில் நூற்றைம்பதில் ஒரு பங்கு. நம் மலேசியக் கொமியூட்டரை யாரும் அந்த அளவில் செய்து விற்பதில்லை. அதனால் நானே வண்ணம் பூசி, நடுப்பெட்டிகளில் பெண்கள் பெட்டிக்கான இளஞ்சிவப்புப் பட்டையை ஒட்டினேன். செம்பனைக்கு ஈர்க்குச்சியில் நூல் சுற்றி, பச்சைக் காகிதத்தைக் கத்தரித்து ஓலை வைத்தேன். ஒரு மரத்துக்கு இருபது நிமிஷம். ரெம்பாவ் நிலையத்து மேம்பாலம், அதைத் தாண்டி இரும்புக்கடைக் கூரை, சூரா என்கிற சின்னத் தொழுகைக்கூடத்தின் பச்சைக் குவிமாடம், பள்ளித் திடல், ஆற்றுப் பாலம். நாலு மாதத்தில் கிழக்குப் பக்கம் முழுக்க முடிந்துவிட்டது. அப்புறம் மேசையின் மறுபக்கம் போய் நின்றேன். வெறும் பலகை. மேற்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. ஏழு வருஷத்துக்கு மேல் தினமும் போய்வந்த பாதை.

ஏன் தெரியாது என்பதைச் சொல்ல வேண்டுமானால் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அக்கா என்றால் கூடப்பிறந்தவர் இல்லை. தொழிற்சாலையில் என் லைனில் பரிசோதனை மேசையில் இருந்தவர். என்னைவிட ஆறு வயது மூத்தவர், ஆனால் வேலையில் எனக்குக் கீழே. எங்கள் பக்கம் கொமியூட்டர் வந்ததும் கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டு இருவரும் ரயிலுக்கு மாறினோம். அவர் ரெம்பாவுக்கு முந்தைய நிலையத்திலேயே ஏறி, எனக்குத் தன் கைப்பையைப் போட்டு இடம் பிடித்திருப்பார். பக்கத்தில் இல்லை, எதிரில். தொழிற்சாலையில் எதிரெதிரே உட்கார்ந்து பழகியவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் பேச்சு வராது. பெட்டியில் இருக்கைகள் இரண்டு பக்கமும் சுவரோடு நீளமாக இருக்கும். ஒருவர் எதைப் பார்ப்பார் என்றால், எதிரில் இருப்பவரின் தலைக்குப் பின்னால் இருக்கும் ஜன்னலை. காலை வெயில் கண்ணில் குத்துகிறது என்று அக்கா எப்போதும் கிழக்குக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார். வெயில் எனக்கு. ஆக, கிழக்கு நான் பார்த்தது, மேற்கு அவர் பார்த்தது. திரும்பும்போது ஓவர்டைம் முடிந்து இருட்டிவிடும். கண்ணாடியில் எங்கள் முகம்தான் தெரியும்.

அவர் பார்த்ததையெல்லாம் எனக்குச் சொல்வார். ரெம்பாவைத் தாண்டியதும் நீல கேட் போட்ட பலகை வீடு ஒன்று. அங்கே ஒரு மலாய்க்கார அம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருப்பார். இன்றைக்குப் பள்ளிச் சீருடை காய்கிறது, லீவு முடிந்துவிட்டது போல என்பார். இன்றைக்கு ஆம்பளைச் சட்டை, புருஷன் வந்துவிட்டான் என்பார். வாய்க்கால் மதகின்மேல் ஓர் ஆடு தினமும் நிற்கும், அதற்கு ஊரில் வேறு இடமே இல்லை. அப்புறம் மஞ்சள் குடை வைத்த டுரியான் பழக்கடை. மரத்தடியில் சூலத்தோடு ஒரு சின்ன முனியாண்டி. நான் திரும்பிப் பார்ப்பதற்குள், "போச்சு லா, தாண்டிருச்சு" என்பார். பிறகு நான் திரும்புவதையே விட்டுவிட்டேன். அவர் சொல்லிக் கேட்பதே நன்றாக இருந்தது. அந்த அம்மாவின் குடும்பத்தைப் பற்றி என் தம்பி குடும்பத்தைவிட அதிகம் தெரிந்து வைத்திருந்தேன்.

இது முறிந்தது என்னால்தான். அக்காவின் மேசையைத் தாண்டிப்போன சரக்கு ஒரு தடவை பழுதென்று திரும்பி வந்தது. அடுத்த மாதமும் வந்தது. மேலாளர் காரணம் கேட்டபோது, லைனில் எல்லோரும் நிற்க, "கவனமில்ல சார், வாய்தான் ஓயாம ஓடுது" என்று சொன்னேன். லீடர் பதவி எனக்கு அப்போது தலைக்கேறியிருந்தது. அக்காவைப் பெட்டி கட்டும் பகுதிக்கு மாற்றினார்கள். மறுநாள் ரயிலில் எனக்கு இடம் பிடித்து வைக்கவில்லை, வேறு பெட்டியில் ஏறியிருந்தார். ஒரே மாதத்தில் வேலையை விட்டுவிட்டு கெமாஸில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். நானும் வீம்பாக இருந்தேன். அதன் பிறகு ஓய்வு பெறும்வரை ரயிலில் என் எதிரில் யார் யாரோ உட்கார்ந்தார்கள். நான் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே போய்வந்தேன்.

மேற்குப் பக்கத்தை அக்கா சொன்னபடியே செய்தேன். நீல கேட், கொடியில் துணி, மஞ்சள் குடை, சூலம். ஆட்டுக்கு வந்தபோது கை நின்றது. அரிசிமணி அளவு ஆடுதான், ஆனால் என்ன நிறம் என்று அவர் சொன்ன ஞாபகமில்லை. சரி, போய் நேரில் பார்த்துவிடலாம் என்று ஒரு காலையில் ரெம்பாவில் ஏறி, முதல் தடவையாக அக்கா உட்காரும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

வீடு இல்லை. வீடு இருந்திருக்கவே முடியாது. ரெம்பாவைத் தாண்டியதும் மேற்கே பெரிய மண்மேடு. குன்றைச் சீவிப் பாதை போட்டிருக்கிறார்கள். பெட்டியின் கூரைக்கு மேலே போகிறது புல். வீட்டை இடித்திருக்கலாம், ஆனால் அவ்வளவு பெரிய மேட்டை யாரும் கொண்டுவந்து வைக்க முடியாது. மேடு முடிந்த இடத்திலிருந்து தண்டவாள வேலி வரைக்கும் செம்பனை. மதகு இல்லை, கடை இல்லை, முனியாண்டியும் இல்லை. செனவாங்கில் இறங்கி, திரும்பும் ரயிலிலும் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டு வந்தேன்.

எனக்குப் பொல்லாத கோபம். ஏழு வருஷம் என்னை நன்றாக ஏமாற்றியிருக்கிறார் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து, குறட்டால் நீல கேட்டைப் பிடுங்கினேன். வீட்டையும் பெயர்த்தேன். கொடியில் தொங்கிய துணிகளை நெல்மணி அகலத்தில் ஒவ்வொன்றாக வெட்டி ஒட்டியிருந்தேன். அவை தரையில் கொட்டின. விளக்கைப் பிடித்துக்கொண்டு குனிந்து பொறுக்கினேன். ஒன்றுகூட அகப்படவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி தேடினேன்.

அப்போதுதான் உறைத்தது. அக்கா சில்லறையைத் தடவிப் பார்த்துத்தான் கொடுப்பார். அறிவிப்புப் பலகையில் எதை ஒட்டினாலும், கண்ணாடியை மறந்துவிட்டேன், நீ படி என்பார். இனிப்புநீர், கண்ணைத் தின்கிற சர்க்கரை வியாதி, அவருக்கு ரொம்ப நாளாக இருந்தது. வெயில் கண்ணில் குத்துகிறது என்று சொன்னாரே, அதை ஏழு வருஷம் கேட்டுக்கொண்டேதானே இருந்தேன். அவருக்கு மேட்டுக்கும் மரத்துக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது. பரிசோதனை மேசைக்காரி, கண் போனால் வேலை போகும். லைன் லீடர் தினமும் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்குத் தெரியக்கூடாதென்று காலையில் ஒரு வீட்டைக் கட்டி, துணி காயப்போட்டு, ஆட்டை மேய்த்திருக்கிறார். அவரைத்தான் நான் கவனமில்லாதவர் என்று நாலு பேர் முன்னால் சொன்னேன். நுண்ணோக்கியில் முப்பது வருஷம் எறும்பு அளவுக் கம்பியைப் பார்த்தவள் நான், எதிரில் இருந்த முகத்தைப் பார்க்கவில்லை. அழுதேன். அழுகையை யாரும் பார்க்காத வீட்டில் அது சீக்கிரம் நிற்பதில்லை.

அவர் எண்ணை நான் அழித்திருக்கவில்லை. மறுநாள் காலை அழைத்தேன். எடுக்காவிட்டால் இனி எப்போதும் இல்லை என்று தெரிந்துதான் அழைத்தேன். மகள் எடுத்து, யாரென்று கேட்டு, கொஞ்சம் தயங்கி, அவரிடம் கொடுத்தார்.

"அக்கா, நான்தான்."

"தெரியுது."

மன்னிப்புக் கேட்பதற்காக இரவெல்லாம் வரிவரியாகத் தயார் செய்து வைத்திருந்தேன். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. ஹாலில் ரயில் பாதை செய்திருப்பதைத் தாறுமாறாகச் சொன்னேன்.

"அந்த ஆடு என்ன கலருக்கா?"

அக்கா எழுந்து கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"நீ ரயில்ல அந்தப் பக்கம் ஒக்காந்து பாக்கலியா?"

"இல்லக்கா. நான் எப்பவும் என் பக்கத்துலதான ஒக்காருவேன்."

வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் இதற்கு மட்டும் எனக்கு வெட்கமில்லை. அவர் அதை நம்பினாரா என்று தெரியாது. கவனமில்லை என்று சொன்னது தப்பு என்றேன்.

"கறுப்பு" என்றார். "ஒரு காது மட்டும் வெள்ள. ரெண்டு குட்டி போட்டுச்சு, அத வுட்டுடாத."

எழுதிக்கொண்டேன். வந்து பார்க்கிறீர்களா, நானே கெமாஸுக்கு வந்து அழைத்துக்கொண்டு வருகிறேன் என்றேன்.

"நான் வந்து என்னாத்தப் பாக்கப் போறேன்" என்றார் அக்கா. அதை அவர் முதல் தடவையாக என்னிடம் சொல்கிறார். குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. "நீ சொல்லு. நான் கேக்கறேன்."

தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு, நாற்காலியை இழுத்து மேற்குப் பக்கத்தைப் பார்த்தபடி போட்டேன். வீடு பெயர்ந்த இடத்தில் பசைத் தழும்பு மட்டும் இருந்தது. ரெம்பாவ் நிலையத்திலிருந்து ரயிலை மெதுவாகக் கிளப்பினேன்.

"இன்னிக்கு அந்தம்மா துணி காயப்போடலக்கா" என்று ஆரம்பித்தேன்.