அந்தப் படத்தில் நானும் இருந்தேன்

மக்கள் தொடர்புப் படிப்பில் சேர்ந்தபோது எனக்கு முப்பத்தெட்டு வயது. ஆசைப்பட்டுச் சேரவில்லை. ராசிபுரத்தில் ஒரு சின்னத் தனியார் ஆஸ்பத்திரியில் பதினோரு வருடமாக வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்தேன். ஒருநாள் டாக்டர் கூப்பிட்டு, இனி ஆஸ்பத்திரிக்கு இணையத்தில் ஒரு முகம் வேண்டும், வெளியாளைப் போடுவதைவிட நம் ஆளே படித்துக்கொண்டு வந்தால் நல்லது என்றார். சேலத்தில் சனி, ஞாயிறு மட்டும் நடக்கிற ஒரு வருட டிப்ளமோ. முடித்தால் மக்கள் தொடர்பு அலுவலர் என்று பலகை வைத்துக்கொள்ளலாம் என்றார். முடியாது என்று சொல்லும் பழக்கம் எனக்கு அப்போது இல்லை.

என் கணவருக்கு போர்வெல் போடுகிற ரிக் வண்டியில் வேலை. வருடத்தில் பாதிக்கு மேல் சத்தீஸ்கரிலும் மத்தியப் பிரதேசத்திலும்தான் இருப்பார். மகன் விடுதிப் பள்ளியில். ஆளில்லாத வீட்டில் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து என்ன செய்யப் போகிறாய், படி என்று அவரும் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் தூங்குவேன் என்பதை அவரிடம் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டேன்.

அன்றிலிருந்து வாரத்தின் ஏழு நாளும் போய்விட்டது. சனிக்கிழமை காலை மல்லூர் வழியாகப் போகிற பேருந்தில் ஜன்னலில் தலையைச் சாய்த்தால் சேலம் புதிய பேருந்து நிலையத்தில்தான் கண் திறக்கும். வகுப்பில் எல்லாரும் கல்லூரி முடித்த கையோடு வந்த பிள்ளைகள். பாடம் நடத்திய ஆசிரியரே என்னைவிடப் பத்து வயது சின்னவர். ரீச், எங்கேஜ்மென்ட், அல்காரிதம் என்று அவர் சொல்லச் சொல்ல நான் தமிழில் எழுதிக்கொள்வேன். பக்கத்தில் இருக்கும் பெண் எட்டிப் பார்த்துச் சிரிப்பாள். கெட்ட பெண் இல்லை. எனக்காகத் தன் போனில் எத்தனையோ முறை செய்து காட்டியிருக்கிறாள்.

இணையம் என்றால் ஏதோ காற்றில் மிதப்பது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை, எங்கெங்கோ பெரிய பெரிய கட்டடங்களில் அலமாரி அலமாரியாக இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன, நாம் போடுகிற ஒரு படம் ஒரே இடத்தில் இருப்பதில்லை, போட்ட நொடியிலேயே பல இடங்களில் நகலாகிவிடுகிறது என்று ஆசிரியர் விளக்கினார். அந்த ஒரு வகுப்பில் மட்டும் எனக்குத் தூக்கம் வரவில்லை.

மூன்றாம் மாதம் வகுப்பில் ஒரு வேலை கொடுத்தார்கள். அவரவர் இருக்கும் இடத்தைப் பற்றி ஒரு வாரம் தினமும் ஒரு பதிவு போட வேண்டும். எந்த நேரத்தில் போட்டால் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று குறித்துக்கொண்டு வர வேண்டும். காலை பத்தரை மணி நல்ல நேரம் என்று சொல்லியிருந்தார்கள். ஆஸ்பத்திரி வரவேற்பு மேசைக்கு அதைவிட மோசமான நேரம் கிடையாது.

அந்தத் திங்கட்கிழமை கூட்டம் வாசல்வரை நின்றது. புதிதாக ஆன்லைன் டோக்கன் முறை வேறு கொண்டுவந்திருந்தோம். போனில் பதிவு செய்தவர்கள் முதலில், நேரில் வந்தவர்கள் பிறகு. அதை டாக்டரிடம் எடுத்துச் சொல்லி ஏற்பாடு செய்ததும் நான்தான், வகுப்பில் கற்றுக்கொண்டது. நாமகிரிப்பேட்டைக்கு அந்தப் பக்கமிருந்து ஒருவர் தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அந்த அம்மாவுக்குக் காய்ச்சல், ஒரு கால் வீங்கியிருந்தது. பதிவு செய்யவில்லை. உட்காருங்கள், கூப்பிடுகிறோம் என்றேன். உட்கார இடமில்லை என்பதை நான் பார்க்கவில்லை. அந்த அம்மா சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்து, கொஞ்ச நேரத்தில் அப்படியே படுத்துவிட்டார்.

நான் பதிவு எழுதிக்கொண்டிருந்தேன். சர்க்கரை நோய் முகாம் படம். "உங்கள் நலனே எங்கள் கவனம்" என்று எழுதி, எழுத்துப் பிழை இருக்கிறதா என்று இரண்டாம் முறை படித்துக்கொண்டிருந்தேன். அதற்கு இரண்டு நிமிடம் ஆகியிருக்கலாம், மூன்று ஆகியிருக்கலாம். அந்த நேரத்தில்தான் அந்த அம்மாவின் மகன் போனை எடுத்துப் படம் பிடித்திருக்கிறார்.

எனக்கு அது தெரியாது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு நர்ஸ் பார்த்துவிட்டு அந்த அம்மாவை உள்ளே அழைத்துப் போனாள். இரண்டு நாள் வைத்திருந்து ஊசி போட்டு, குணமாக்கித்தான் அனுப்பினோம். அதனால் அதைப் பற்றி நான் வேறு எதுவும் நினைக்கவில்லை.

புதன்கிழமை மத்தியானம் கணவர் போன் செய்தார். வழக்கமாகப் பொழுது சாய்ந்துதான் பேசுவார்.

"ஏம்புள்ள, ஆஸ்பத்திரில ஏதாச்சும் பிரச்சனையா?"

"ஒண்ணுமில்லீங்களே. ஏனுங்க?"

"எங்க ரிக் ஆளுங்க வாட்ஸ்அப் குரூப்புல ஒரு போட்டோ வந்துது. கீழ ஒரு அம்மா படுத்திருக்குது, மேசையில ஒரு பொம்பளை போனப் பாத்துட்டு இருக்குது. மாஸ்க் போட்டிருந்தாலும் எனக்குத் தெரியாதா, அந்தப் பச்சைச் சேலை நான் எடுத்துக் குடுத்தது."

கூட இருக்கிறவர்களிடம் அது என் சம்சாரம் என்று சொல்லவில்லை என்று அவரே சொன்னார். என்னைக் காப்பாற்றத்தான் சொல்லவில்லை. ஆனாலும் அது எங்கேயோ போய்க் குத்தியது.

படத்தைத் தேடி எடுத்துப் பார்த்தேன். அந்த அம்மாவின் மகன் தன் ஃபேஸ்புக் பக்கத்தில் போட்டிருந்தார். அதை யார் யாரோ எடுத்துப் போட்டிருந்தார்கள். "உயிர் போனாலும் ரீல்ஸ் முக்கியம்" என்று ஒரு பக்கத்தில் தலைப்பு. கீழே நூற்றுக்கணக்கில் கருத்துகள். என்னைப் பற்றி, என்னைப் பெற்றவர்களைப் பற்றி, இப்படிப்பட்டவர்களை என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றி. முழுவதையும் படித்தேன். ஏன் படித்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

டாக்டர் கூப்பிட்டு, நம் ஆஸ்பத்திரியின் பக்கத்தில் வருகிற கருத்துகளை அழித்துவிடு என்றார். அழித்தால் இன்னும் பெரிதாகும் என்று வகுப்பில் சொன்னதைச் சொன்னேன். அப்படியென்றால் பதில் போடு என்றார். போட்டேன். "ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம். சம்பந்தப்பட்ட ஊழியரிடம் விளக்கம் கேட்கப்பட்டுள்ளது." ஒவ்வொருவருக்கும் அதையே வெட்டி வெட்டி ஒட்டினேன். சம்பந்தப்பட்ட ஊழியர் நான். விளக்கம் கேட்டதும் நான், கேட்கப்பட்டதும் நான். மூன்று நாள் அதையே செய்ததில் அந்த வார்த்தைகளுக்கு அர்த்தமே போய்விட்டது.

சனிக்கிழமை வகுப்புக்குப் போகாமல் இருந்திருக்கலாம். போனேன். ஆசிரியர் அன்று நெருக்கடி நேரத்தில் மக்கள் தொடர்பு என்ற பாடம் நடத்தினார். நம் ஊர்ப் பக்கத்திலேயே நல்ல உதாரணம் கிடைத்திருக்கிறது என்று திரையில் போட்டது அந்தப் படம்தான். ஆஸ்பத்திரியின் பெயரை மறைத்திருந்தார். சுவர் அகலத்துக்கு நான் உட்கார்ந்திருந்தேன். பிள்ளைகள் சிரித்தார்கள். முதலில் மேசையில் இருக்கிற அந்தப் பொம்பளையை வேலையைவிட்டுத் தூக்கிவிட்டு அதை அறிவிக்க வேண்டும் என்றான் ஒருவன். ஆசிரியர் அதையும் பலகையில் எழுதினார். பிறகு என் பக்கம் திரும்பி, நீங்கள் ஆஸ்பத்திரியில்தானே இருக்கிறீர்கள், நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்.

எழுந்து நின்றேன். வேறு ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். யோசிக்கிற தெம்பு இல்லை.

"அந்தப் படத்துல இருக்கறது நானுங்க, சார்."

யாரும் சிரிக்கவில்லை. ஆசிரியர் திரையை அணைத்தார். மன்னிப்புக் கேட்டார். அதைச் சரியாகத்தான் கேட்டார். பக்கத்துப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். வகுப்பு முடிந்ததும் ஆசிரியர் தனியாக வந்து, சங்கடமில்லை என்றால் இதையே உங்கள் திட்டக் கட்டுரையாக எழுதலாமே, யாருக்கும் இப்படி நேரடி அனுபவம் கிடைக்காது என்றார். நல்லது நினைத்துத்தான் சொன்னார். பார்க்கிறேன் சார் என்று சொல்லிவிட்டுப் பேருந்து ஏறினேன்.

அடுத்த வாரம் அந்த மகன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். மேசைக்கு முன்னால் வந்து நின்றார். திட்ட வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் குரலைத் தாழ்த்தி, கொஞ்சம் வெளியே வந்து பேச முடியுமா என்று கேட்டார். வாசலில் வேப்ப மரத்துக்குக் கீழே, வண்டிகள் நிறுத்துகிற இடத்தில் நின்றோம்.

"ஏனுங்கக்கா, அந்தப் போட்டோவ அழிச்சுப்போட வழி இருக்குதுங்களா? நீங்கதான் இந்த ஆஸ்பத்திரி பக்கத்தப் பாக்கறீங்கன்னு சொன்னாங்க."

நீங்கள் போட்டதுதானே, நீங்களே எடுத்துவிடலாமே என்றேன்.

"நான் எப்பவோ எடுத்துப்புட்டனுங்க. ஆனா ஊரெல்லாம் சுத்துதுங்க. எங்கம்மா படுத்திருக்கையில சேலை வெலகியிருந்துருக்குது. கோவத்துல நான் அதப் பாக்கலீங்க. மஞ்ச விக்க மண்டிக்குப் போனா ஆளாளுக்கு உங்கம்மாவப் பாத்தோம், பாத்தோம்ங்கறாங்க. அம்மா ஊட்ட உட்டு வெளிய வரமாட்டீங்குது. என்ற கூடவும் பேசறதில்லீங்க."

சொல்லிவிட்டு, உங்களையும் கண்டபடி பேசிவிட்டார்கள், நான் அதற்காகப் போடவில்லை என்றார். அவருடைய கோபம் நியாயமானது. அதை அவரிடம் சொன்னேன். அந்த நேரத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதையும், எழுதிக்கொண்டிருந்த அந்த வாக்கியத்தையும் மறைக்காமல் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார்.

அன்று மாலையே ஆசிரியருக்குப் போன் செய்து கேட்டேன். ஒரு படத்தைப் பரப்புவதற்கு அவர் எங்களுக்கு ஆறு வழி சொல்லிக்கொடுத்திருந்தார். எடுப்பதற்கு ஒரு வழிதான் சொன்னார். ஒவ்வொரு பதிவாகத் தேடிப் பிடித்துப் புகார் கொடுக்க வேண்டும், அந்தந்தப் பக்கம் நடத்துகிறவர்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். வாட்ஸ்அப் குரூப்களில் போனதை ஒன்றும் செய்ய முடியாது.

செய்தேன். டீ நேரத்தில், பேருந்தில், சாப்பாட்டுத் தட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. "இந்தப் படத்தில் இருப்பவர் ஒரு நோயாளி. அவருடைய குடும்பம் வேதனைப்படுகிறது. தயவுசெய்து நீக்குங்கள்" என்று எழுதி எழுதிக் கட்டைவிரல் வலித்தது. சிலர் உடனே எடுத்தார்கள். சிலர் பதில் சொல்லவில்லை. ஆத்தூரில் ஒரு பக்கம் நடத்துகிறவர், ஆஸ்பத்திரிக்காரன் எவ்வளவு கொடுத்தான் என்று திருப்பிக் கேட்டார். ஒரு பக்கத்தில் எடுத்தால் இன்னொரு பக்கத்தில் முளைக்கும். அந்த மகனும் தன் கண்ணில் பட்டதை எல்லாம் எனக்கு அனுப்புவார். ஒரு கட்டத்தில் அவர் பெயர் போனில் வந்தாலே எனக்கு அலுப்பாக இருந்தது. அதற்காக வெட்கமாகவும் இருந்தது.

அவர் வந்து போவதை டாக்டர் கவனித்திருந்தார். சமாதானமாகிவிட்டார் போலிருக்கிறதே, அவரையும் அவர் அம்மாவையும் உட்கார வைத்து, இங்கே நல்லபடியாகப் பார்த்தார்கள் என்று ஒரு வீடியோ எடுத்துப் போடு, எல்லாம் சரியாகிவிடும் என்றார். படித்த படிப்பின்படி அது சரியான யோசனைதான். எனக்கே அது தோன்றியிருந்தது. கேட்டுப் பார்க்கிறேன் என்றேன். கேட்கவில்லை. நான்கு நாள் கழித்து, அவர்களுக்கு இஷ்டமில்லையாம் சார் என்று பொய் சொன்னேன். டாக்டர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அடுத்த மாதம் ஆஸ்பத்திரியின் பக்கத்தைச் சேலத்திலுள்ள ஒரு விளம்பர நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டார். அலுவலர் பலகையைப் பற்றி அதற்குப் பிறகு அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆனால் டோக்கன் விஷயத்தில் மட்டும் நான் விடவில்லை. நேரில் வருகிறவர்களுக்கும் இடைக்கிடையே டோக்கன் கொடுக்க வேண்டும், வயதானவர்களையும் நடக்க முடியாதவர்களையும் முதலில் அனுப்ப வேண்டும் என்று இரண்டு முறை போய்க் கேட்டேன். இரண்டாம் முறை டாக்டர் சரி என்றார்.

மழைக்காலம் முடிந்த பிறகு அந்த அம்மா காலைக் காட்ட வந்தார். மகன் வண்டியை நிறுத்தப் போயிருந்தார். முந்தானையால் தலையை மூடிக்கொண்டு நேராக என் மேசைக்கு வந்தவர், அந்தப் படம் உன்னிடம் இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டார். அவர் அதைப் பார்த்ததே இல்லை. மகன் காட்டவில்லை, மற்றவர்கள் சொன்னதை மட்டும் கேட்டுக் கேட்டு இத்தனை மாதம் வீட்டுக்குள் இருந்திருக்கிறார்.

காட்டலாமா என்று தயங்கினேன். பிறகு போனை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். கண்ணருகே வைத்து, தள்ளி வைத்து, ரொம்ப நேரம் பார்த்தார்.

"முழங்கால் வரைக்குந்தானா தெரியுது?"

"ஆமாங்கம்மா."

"நான் என்னென்னமோ நெனச்சுப்புட்டேன், சாமி."

பிறகு விரலால் ஓரத்தைத் தொட்டு, இது நீயா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அன்றைக்கு உங்களைப் பார்க்காமல் விட்டது என் தப்பு என்றும் சொன்னேன். நான் அதை அவரிடம் அதுவரை நேரில் சொன்னதில்லை. அதற்கு அவர், இன்னும் இது சுற்றிக்கொண்டுதான் இருக்கிறதா என்று கேட்டார். முன்னைப்போல இல்லை, ஆனால் முழுதாகப் போய்விடாது என்று உள்ளதைச் சொன்னேன். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தார். தலையில் இருந்த முந்தானை நழுவியதை அவர் எடுத்துப் போட்டுக்கொள்ளவில்லை.

மகன் உள்ளே வந்ததும் அந்த அம்மா அவரிடம் ஏதோ சொன்னார். தண்ணீர் கேட்டிருப்பார் போல, அவர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார்.

டிப்ளமோவை முடித்தேன். திட்டக் கட்டுரைக்கு இந்தக் கதையை எழுதவில்லை. கோழிப் பண்ணைகள் இணையத்தில் விளம்பரம் செய்வதைப் பற்றி எழுதினேன். சுமாரான மதிப்பெண் வந்தது. இப்போதும் அதே மேசையில்தான் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகள் திரும்பக் கிடைத்துவிட்டன. ஆனால் தூக்கம் முன்னைப்போல வருவதில்லை. காலை ஆறு மணிக்கே எழுந்து, துணி துவைத்துவிட்டு, கணவரின் போனுக்காகக் காத்திருக்கிறேன்.