மருந்துக்காரர் வீட்டு ஐந்து வாய்கள்

இருபத்திரண்டு வருடமாகப் பூச்சி மருந்து அடிக்கிறவர் வீட்டில் ஒரு கரப்பான்கூட எட்டிப் பார்க்காது. மருந்துக்காரர் என்றால் தெருவில் எல்லோருக்கும் தெரியும். கரப்பான்களுக்கும் தெரியும் போலிருக்கிறது. அவருக்குப் போயும் போயும் பூச்சி தின்னும் செடி மேல் ஆசை வந்தது. உள்ளங்கை அளவுத் தொட்டி, அதில் ஐந்து குட்டி வாய்கள், ஓரமெல்லாம் பல்; பூச்சி உட்கார்ந்தால் மூடிக்கொள்ளும். சமையலறை ஜன்னலில் வைத்து, மழைத்தண்ணீர் பிடித்து ஊற்றினார்.

தீனிக்கு வீட்டில் வழியில்லை. அதனால் போகிற இடத்தில், மருந்து அடிக்கும் முன் ஓர் ஈயை உயிரோடு பாட்டிலில் பிடித்துக்கொள்வார்.

“என்ன சார், கொல்லக் கூப்பிட்டா வளர்க்கக் கூட்டிட்டுப் போறீங்க?” என்றார் ஓர் ஓட்டல் முதலாளி.

“சாம்பிள்ங்க,” என்று மூடியைத் திருகினார் மருந்துக்காரர்.

வேலை முடிந்து வந்தால் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளித்த பிறகே தொட்டிப் பக்கம் போவார். கையில் மருந்து ஒட்டியிருந்தால் செடிக்கு ஆகாதே!

ஒருமுறை நான்கு நாள் வெளியூர் வேலை. திரும்பி வந்தால் ஐந்து வாயும் மூடியிருந்தன. ‘நம் வீட்டுக்கே ஈ வந்துவிட்டதா?’ என்று தொழில் மீது சந்தேகமும் செடி மேல் பெருமையும் ஒருசேரப் பொங்க, குளிக்க மறந்து ஒவ்வொன்றையும் தடவிக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் ஒரு வாய் கறுத்தது. வாரக் கடைசியில் ஐந்தும் கரி. மருந்துக்காரர் சாப்பாட்டுத் தட்டின் முன் கையை விரித்துப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார்.

“என்னங்க, கைரேகை பாக்கறீங்களா?” என்றாள் மனைவி.

“இந்தக் கை கொல்லத்தான் லாயக்கு. ஆசையா ஒண்ணு வளர்த்தேன், அதையும் கொன்னுட்டேன்.”

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். “ஒண்ணு சொன்னா கத்தக் கூடாது. நீங்க ஊர்ல இல்லாதப்ப நான் அதுக்கு அவிச்ச முட்டை குடுத்தேன்.”

“முட்டையா!”

“வாயத் தொறந்துக்கிட்டே நின்னுச்சு, மனசு கேக்கல. வெள்ளைக்கருதான். மஞ்சக்கரு கொழுப்பாச்சே.”

“அஞ்சு வாய்க்குமா?”

“ஒண்ணுக்குக் குடுத்துட்டு மத்தத ஏங்க விடச் சொல்றீங்களா?”

திட்டத்தான் வாயைத் திறந்தார்; சிரிப்பு வந்துவிட்டது. ஓடிப்போய் ஒரு கறுத்த வாயைப் பிரித்தார். உள்ளே அழுகிய முட்டை. கருக்கியது மருந்தும் இல்லை, கையும் இல்லை. இத்தனை நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது எழுந்து போனது.

கத்தரிக்கோலால் கருகியதை வெட்டினார். அடியில் அரிசி அளவில் ஒரு பச்சைக் குருத்து, இப்போதே பல்லைக் காட்டிக்கொண்டு.

“பொழச்சுக்கிச்சுடி!”

“ஐயோ, பசிக்குமே அதுக்கு?”

“அது பட்டினி கெடக்கட்டும். எனக்கு ஒரு முட்டை வை,” என்று அதே கையை நீட்டினார் மருந்துக்காரர்.