பையருக்காகப் பறிக்காமல் விட்ட பருத்தி

திருப்பூர் பனியன் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் நான். எங்களுக்கு இயற்கைப் பருத்தி விளைவித்துத் தரும் மூலனூர் சரஸ்வதி அக்காவிடம், "நம்ம பனியன் வாங்குற வெளிநாட்டு பையர் வர்றாருங்க. பருத்திக்காடு வெள்ளைவெளேர்னு தெரியணும். அதுவரைக்கும் பறிக்காதீங்க" என்று சொல்லியிருந்தேன். அவரும் "சரிங்க" என்றுவிட்டார்.

பையரோடு போய் இறங்கினால், வானம் கறுத்துக்கொண்டு வருகிறது!

"நனைஞ்சு போச்சுன்னா யாரு வாங்குவாங்க கண்ணு?" அக்கா பதறினார். பறிக்காதீங்க என்றவன் நான்தானே! காட்டுக்குள் ஓடினேன். பின்னாலேயே பக்கத்துக் காட்டுப் பெண்கள், எங்கள் டிரைவர், அந்த பையரும்! பறித்துப் போட விரித்த சேலைகள் நிறைந்ததும், காரிலிருந்த சாம்பிள் பனியன்களின் கழுத்தை முடிந்து பருத்தியைத் திணித்தோம். கடைசிப் பனியன் அக்கா வீட்டுக்குள் போனதும் கொட்டியதே மழை! முக்கால்வாசி தப்பியது. எல்லோரும் சந்தோஷத்தில் கத்தியே விட்டோம்.

இப்போதெல்லாம் பையர் வரும் தேதியை நான் குறிப்பதில்லை. அக்காதான் குறிக்கிறார்.