நல்லெண்ணக் கப்பல் வந்த வாரம்

அறுபதுகளில் கொழும்பிலிருந்து வெளிவந்த ஒரு தமிழ் நாளிதழில் நான் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். டெலிபிரின்டரில் ஆங்கிலத்தில் வரும் வெளிநாட்டுச் செய்திகளைத் தமிழாக்குவது என் வேலை. போருக்கும் பஞ்சத்துக்கும் சொல் தேடித் திண்டாடுவேன். நாடுகளின் நட்புக்கு மட்டும் தேடவே வேண்டியதில்லை. தலைவர்கள் சந்தித்தால் பேச்சுவார்த்தை ‘சிநேகபூர்வமான சூழ்நிலையில்’ நடந்தது. ஒரு நாடு கோதுமை அனுப்பினால் ‘நேசக்கரம் நீட்டியது’. தூதரகம் நேற்றுத்தான் திறந்திருந்தாலும் உறவு ‘தொன்றுதொட்டு’ நிலவியது.

மத்தியானச் சோற்றுக்குப் பிறகு, மின்விசிறி சுழலும் மயக்கத்தில், அந்த நேசக்கரங்களை நான் கண்டிருக்கிறேன். வெள்ளைச் சட்டைக் கைகள் கடலுக்கு மேலே மெல்ல மெல்ல நீண்டு ஒன்றையொன்று தேடும். அவற்றுக்கு முகம் இருந்ததில்லை.

அந்நாட்களில் ஐரோப்பிய நாடொன்றின் பயிற்சிக் கப்பல் நல்லெண்ண விஜயமாகத் துறைமுகத்துக்கு வந்தது. நான் கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டின் மேல்மாடியில் வாடகைக்கு இருந்தேன். கீழே ஒரு சிங்களக் குடும்பம். அந்த வீட்டுக்காரி நீர்கொழும்புப் பக்கத்தவர், தமிழ் சரளமாக வரும். நான் அவரை ‘அக்கே’ என்பேன், அவர் என்னைத் தங்கச்சி முறையில் ‘நங்கி’ என்பார்.

எனக்கு ஓய்வு நாள். வெளியே மழை.

“நங்கி, ஓடி வாங்க! வெள்ளைக்காரன் ஒராள் வாசல்ல நிக்கிறான்!”

இறங்கிப் போனேன். கப்பல்காரரின் வெள்ளை உடுப்பு தொப்பலாக நனைந்து, ஒரு கையால் கன்னத்தைப் பொத்திக்கொண்டு ஓர் இளைஞர் நின்றார். ஊர் பார்க்க இறங்கி வழி தவறியிருக்க வேண்டும். ஆங்கிலத்தில் கேட்டுப் பார்த்தேன். அவருக்கு அது வரவில்லை. கன்னத்தைத் தொட்டுக் காட்டிக் கண்ணை மூடினார்.

“பல்லு. மூஞ்சியைப் பார்த்தாத் தெரியுதே. அனே, பவ்!” என்று சிங்களத்தில் இரங்கியபடி அக்கே உள்ளே ஓடினார்.

கராம்புத் தைலத்தில் பஞ்சைத் தோய்த்துக்கொண்டு வந்து வாயைத் திறக்கச் சொன்னார், சிங்களத்தில். அவரும் விளங்கியவர்போலத் திறந்தார். சற்று நேரத்தில் முகம் தளர்ந்தது. அக்கேயின் கணவருடைய சாய்மனைக் கதிரையில் சரிந்தவர் அப்படியே தூங்கிப்போனார். மழை ஓட்டின்மேல் சீராக விழுந்துகொண்டிருந்தது. நாங்கள் இருவரும் வாசற்படியில் இருந்து தேத்தண்ணீர் குடித்தோம். தூக்கத்தில் அவர் ஏதோ முணுமுணுத்தார்.

“என்னவாம், நங்கி?”

“தெரியாது அக்கே. ஆரோடயோ கதைக்கிறார்.”

“சிரிச்சுக் கதைக்கிறான். அப்ப வீட்டாக்களோடதான்.”

மழைக்குள் அந்த மத்தியானம் எங்கள் மூவருக்கும் ஒரே அறையாக இருந்தது. அவருடையது எந்த நாடு என்பதே எனக்கு மறந்துபோயிற்று.

மழை விட்டதும் அவர் எழுந்து, வெட்கத்தோடு சிரித்து, எதையோ தேடுவதுபோல முற்றத்தைப் பார்த்தார். அங்கே உடுப்புக் காயப்போடும் கொடிக்கயிறு தரையைத் தொடுமளவு தொய்ந்து கிடந்தது. அதை இழுத்து, இரண்டு சுற்றுச் சுற்றி, ஒரு முடிச்சுப் போட்டார். கயிறு வீணைத் தந்திபோல நின்றது. நெஞ்சில் கைவைத்துத் தன்னைக் காட்டி ஏதோ சொல்லிவிட்டு, நாங்கள் காட்டிய திசையில் துறைமுகத்துக்கு நடந்தார்.

கப்பல் விஜயம் பற்றிய செய்தியில் இதையும் சேர்த்து எழுதினேன். செய்தி ஆசிரியர் ஆற அமர வாசித்தார்.

“நல்லாத்தான் எழுதியிருக்கிறீர், பிள்ளை. ஆனா நாளைக்குத் தூதரகத்திலயிருந்து போன் வரும். ‘எங்கட மாலுமி பல்லுவலியோட மழைக்க அலைஞ்சவர் எண்டோ எழுதினனீங்கள்?’ எண்டு கேப்பினம்.”

அவருடைய பேனை நான் எழுதியதை அடித்துவிட்டு ஒரு வரியை எழுதியது. ‘இரு நாட்டு மக்களுக்கும் இடையிலான நட்புறவு இவ்விஜயத்தினால் மேலும் வலுப்பெற்றது.’

எனக்குக் கோபம் வரவில்லை. அந்த வாக்கியத்தில் பொய் ஒன்றும் இல்லை. பத்திரிகை வந்ததும் அக்கேக்கு வாசித்துக் காட்டினேன். காது கொடுத்துக் கேட்டார்.

“நல்லா இருக்கு. ஆனா எங்கட பொடியனைப் பத்தி ஒண்டும் இல்லையே?”

“இருக்கு அக்கே. ‘மக்கள்’ எண்டு போட்டிருக்கெல்லோ, அது நாங்கதான்.”

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு அந்த வரியை இன்னொருமுறை வாசிக்கச் சொன்னார்.

கப்பல் போன மாலையில் இருவரும் மேல்மாடி ஜன்னலில் நின்றோம். கூரைகளுக்கு அப்பால், மங்கிய தங்க வெளிச்சத்தில், அது நகருகிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை. விளிம்பில் வெள்ளைப் புள்ளிகளாக மனிதர்கள். அக்கே எல்லோருக்குமாகக் கை அசைத்தார்.

காலம் ஓடியது. நான் வெள்ளவத்தைக்கு வந்துவிட்டேன், அக்கே நீர்கொழும்புக்குத் திரும்பிவிட்டார். தொண்ணூறுகளில் அந்தக் கப்பலின் நாடு துண்டு துண்டாக உடைந்தது. அண்டை வீட்டார் ஒருவரையொருவர் கொல்வதாகச் செய்தி வந்துகொண்டிருந்த நாட்களில் அக்கேயின் தொலைபேசி அழைப்பு வந்தது.

“நங்கி, டிவியில பார்த்தன். எங்கட பொடியன் எந்தப் பக்கமோ?”

“தெரியாது அக்கே.”

“பேரைக்கூடக் கேக்காம விட்டிட்டமே.”

“அவர் சொன்னவர், அக்கே,” என்றேன். “எங்களுக்குத்தான் விளங்கேல்ல.”