பளிங்கில்லாத தூண்

கனடாவின் மொன்றியலில் என் மனைவி விரும்பிப் போன கத்தோலிக்க மடத்துக் கோவிலுக்குள், அவள் இருந்தவரை நான் நுழைந்ததேயில்லை. கட்டடக்கலை வரலாறு கற்பித்தவன் நான். பரோக் என்னும் பழைய ஐரோப்பிய அலங்காரப் பாணியில் எழுந்த அக்கோவிலின் தூண்கள் பளிங்கல்ல. பளிங்குக்கு வழியற்ற துறவிகள் மரத்துக்கு வண்ணம் பூசி, பறவை இறகால் கல்லின் வரிகளைத் தீட்டியிருந்தார்கள். "பொய்த்தூண்கள்" என்று சொல்லிவிட்டு, ஞாயிறுதோறும் காரிலேயே காத்திருப்பேன்.

அவள் மறைந்தபின் வந்த முதற் பனிக்காலத்தில், அவளுடைய செபப்புத்தகத்தை அங்கே கொடுத்துவிடுவதற்காக உள்ளே போனேன். தரை துடைத்துக்கொண்டிருந்த மன்னார்ப் பெண் ஒருவர் நிமிர்ந்து பார்த்தார்.

"காருக்குள்ளையே இருக்கிற ஐயாதானே? அக்கா இந்தத் தூணிலைதான் சாய்ஞ்சிருப்பா."

"இது பளிங்கில்லை, தெரியுமோ?" என்றேன், பழக்கத்தால்.

"ஓம் ஐயா, தெரியும். 'என்ரை மனுசன் இதைப் பொய்யெண்டுவார். இந்தக் குளிருக்கை ஒருக்காக் கல்லிலை முதுகைச் சாய்ச்சுப் பாக்கட்டும்' எண்டு அக்கா சொல்லிச் சிரிப்பா."

அவளுடைய இடத்தில் அமர்ந்து சாய்ந்தேன். மரம் குளிரவில்லை. தூண்களைப் பற்றி வாழ்நாளெல்லாம் பேசியவன், ஒன்றிலும் அதுவரை சாய்ந்ததில்லை.

புத்தகத்தை நான் கொடுக்கவில்லை. ஞாயிறுகளில் இப்போது வெளியே கார் மட்டும் காத்திருக்கிறது.